குமிழைக் குறைத்துவிட்டுப் போங்கள்: ஹீற்றர் பூட்டும் தம்பிமாருக்கும் விடுதி நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் வீடு வீடாய்ச் சுடுதண்ணீர் ஹீற்றர் பூட்டித் தரும் தம்பிமாருக்கும், உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் அறைகளை வாடகைக்கு விடும் அண்ணன்மார், அக்காமாருக்கும் வணக்கம்.

சுவரில் துளை போட்டு, ஹீற்றரைக் கொளுவி, வயர் இழுத்து, சுவிச்சைப் போட்டு, சிவப்பு லைற் எரிவதைக் காட்டிவிட்டு நீங்கள் வெளிக்கிடுகிறீர்கள். வீட்டுக்காரர் தேத்தண்ணி தருகிறார், கூலி தருகிறார், வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அந்த ஹீற்றரின் வெப்பக் குமிழ் எந்த இடத்தில் நிற்கிறது, குழாயில் வரும் தண்ணீர் எத்தனை பாகை சுடுகிறது என்று அளந்து பார்த்து, குறைக்க வேண்டிய அளவுக்குக் குறைத்து, அதை வீட்டுக்காரருக்கும் காட்டிவிட்டுப் போவது. இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். (இந்த மடலில் பாகை என்று வருவதெல்லாம் செல்சியஸ்.)

முன்பு இந்த ஊரில் ஹீற்றர் என்பது பெரிய ஹோட்டல்களில் இருந்த சாமான். நம் வீடுகளில் மார்கழி வாடைக்கு ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து வாளிக்குள் ஊற்றிக் கலந்து குளிப்போம், அவ்வளவுதான். கைக்குழந்தைக்கு என்றால் பேசினில் தண்ணீர் எடுத்து முற்றத்து வெயிலில் வைப்போம். இப்போது உவர்மலையில், லிங்கநகரில், பாலையூற்றில் புதிதாய் எழும்பும் வீடு எதுவும் ஹீற்றர் இல்லாமல் எழும்புவதில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருந்து பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள், அவர்களுக்குப் பச்சைத்தண்ணி ஒத்துவராது என்று மாமிமார் சொல்லிப் பூட்டுவிக்கிறார்கள். கரையோர விடுதிகளில் அறைக்கு ஒன்று. சாமான் வந்துவிட்டது. அதை எந்தச் சூட்டில் வைப்பது என்ற பழக்கம் கூட வரவில்லை. குளிர் நாடுகளில் இது தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் விசயம். இங்கே சொல்லிக் கொடுக்கக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான், தம்பி.

ஒரு சின்னக் கணக்கு. நான் பௌதிகவியல் படிப்பித்த ஆள், கணக்கில்லாமல் எனக்குக் கதை வராது. நம் ஊரில் மேல் தாங்கியிலிருந்து இறங்கும் தண்ணீர் ஏறக்குறைய 28 பாகை. சித்திரை, வைகாசி வெயிலில் மத்தியானம் அதைவிட எவ்வளவோ கூட. உடம்புக்கு இதமான குளியல் 38 முதல் 40 பாகை. ஆக ஹீற்றர் செய்ய வேண்டிய வேலை தண்ணீரைப் பத்துப் பன்னிரண்டு பாகை ஏற்றுவது. குழாயில் 5 பாகையில் தண்ணீர் வரும் நாட்டுக்காரன் 65இல் வைத்தால் அதற்கொரு நியாயம் சொல்லலாம். நுவரெலியாக்காரன் கூட்டி வைத்தாலும் சரி என்று விடலாம். திருகோணமலையில் 75 பாகையில் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்க என்ன தேவை? 30 லீற்றர், 2 கிலோவாற் ஹீற்றர் ஒன்று 28இலிருந்து 50க்கு ஏற்ற 23 நிமிடம் போதும், செலவு முக்கால் யூனிற்றை ஒட்டி. 75க்கு ஏற்ற முக்கால் மணித்தியாலத்துக்கு மேல், ஒன்றரை யூனிற்றையும் தாண்டும். கூடச் சுட்ட தண்ணீரைக் குறைவாய்க் கலந்து குளிப்போம் என்பதால் அந்த மின்சாரம் முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கலக்காமல் தாங்கிக்குள் நின்று ஆறுகிற சூட்டுக்கும் மின்கட்டணம் கட்டுகிறோம்.

காசை விடுங்கள். தோலைப் பற்றிக் கதைப்போம்.

சூடான தண்ணீர் மனிதத் தோலை எத்தனை விநாடியில் அவிக்கும் என்பதை ஹார்வார்ட் மருத்துவக் கல்லூரியில் மொரிற்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் 1947இலேயே அளந்து வெளியிட்டார்கள். பன்றித் தோலிலும், தாமாக முன்வந்த மனிதர்களிலும் செய்த பரிசோதனை. அதற்குப் பிறகு உலகில் எழுதப்பட்ட பாதுகாப்பு விதிகளில் கனக்க அந்த வேலையில்தான் வேர் பிடித்திருக்கின்றன. அமெரிக்காவின் நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு பொதுமக்களுக்குச் சொல்லும் அளவுகள் இவை: 66 பாகைத் தண்ணீர் வளர்ந்த ஒருவரின் தோலை ஆழமாய்ச் சுட 2 விநாடி. 60 பாகைக்கு 6 விநாடி. 54 பாகைக்கு அரை நிமிடம். 49 பாகைக்கு 5 நிமிடம். அந்தக் கடைசி இரண்டையும் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். ஐந்தே பாகை குறைத்ததும் அரை நிமிடம் ஐந்து நிமிடமாகிறது. கத்துவதற்கும், குழாயைப் பூட்டுவதற்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்கும் அந்த நேரம் காணும். 66இல் ஒன்றுக்கும் நேரமில்லை. குழந்தைக்குத் தோல் மெல்லியது, மேலே சொன்ன நேரங்கள்கூட அதற்குக் கிடைக்காது.

போன வருடச் சீசனில் எங்கள் குடும்பம் கரையோர விடுதி ஒன்றில் தங்கியது. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள், சாப்பாடும் நல்லது. குளியலறையில் ஒற்றைக் கைபிடி வைத்த பளபளப்பான குழாய். கைபிடியில் இருந்த சிவப்பு, நீலப் பொட்டு இரண்டும் தேய்ந்து போயிருந்தன. வழக்கமாய்ச் சுடுதண்ணீர் இடப்பக்கம், பச்சைத்தண்ணீர் வலப்பக்கம். அங்கே பைப் மாறிக் கொழுவியிருந்தது. நாலு வயதுப் பேத்தி மணலைக் கழுவுவதற்குக் கைபிடியை வலது பக்கம் தள்ளிவிட்டுக் காலை நீட்டினாள். பைப்புக்குள் நின்ற குளிர்ந்த தண்ணீர் முதலில் வந்ததால் தப்பினோம். ஆவி எழும்பத் தொடங்கியதும் தாய் இழுத்து எடுத்துவிட்டாள். நான் எங்கே போனாலும் வெப்பமானி பையில் இருக்கும், மனைவி அதற்கு ஏசுவாள், அன்று ஏசவில்லை. ஒரு கோப்பையில் பிடித்து அளந்தேன்: 71 பாகை. முகாமையாளரிடம் சொன்னேன். அவர் பெருமையாய்ச் சொன்ன பதில் இது: “ஓம் சேர், எங்கட ஹீற்றர் எல்லாம் ஃபுல்லிலதான் விட்டிருக்கு, நல்லாச் சுடும்.”

நல்லாச் சுடும் என்பது இங்கே ஒரு தர அடையாளமாகிவிட்டது. அந்த மனிதரை நான் குறை சொல்லவில்லை. தண்ணீர் சூடு காணாது என்று வெள்ளைக்காரர் ஒருவர் இணையத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் அவருடைய சீசனே போய்விடும் என்ற பயம். அவரைப் போன்றவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, சூடு காணாது என்ற முறைப்பாடு பெரும்பாலும் பாகையைப் பற்றியது இல்லை, அளவைப் பற்றியது. நாலு பேர் கொண்ட குடும்பம் ஒன்றன்பின் ஒன்றாய்க் குளிக்க, கடைசி ஆளுக்குத் தண்ணீர் ஆறிவிடுகிறது. 50 பாகையில் நிற்கும் 30 லீற்றர்த் தாங்கியிலிருந்து, பச்சைத்தண்ணீர் கலந்து 40 பாகையில் ஏறக்குறைய 55 லீற்றர் கிடைக்கும். அதாவது மூன்று வாளி. 60 பாகையில் நின்றால் 80 லீற்றர். ஆகவே குடும்ப அறைக்குப் பெரிய தாங்கி பூட்டுங்கள், அல்லது 60இல் வைத்துக் கலப்பு வால்வு போடுங்கள். அந்த வால்வைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன். 75இல் விட்டுப் பொட்டுத் தேய்ந்த கைபிடியை விருந்தாளியின் கையில் கொடுப்பது வழியில்லை.

கைபிடியைப் பற்றி இன்னும் ஒன்று. தாங்கியில் சூடு கூடக் கூட, இதமான இடம் அந்தக் கைபிடியில் சுருங்கிக்கொண்டே போகும். 50 பாகைத் தண்ணீர் என்றால், கலவையில் சுடுதண்ணீரின் பங்கு நூற்றுக்கு 45 முதல் 59 வரை எங்கே நின்றாலும் குளியல் 38க்கும் 41க்கும் இடையில் அமையும். 75 என்றால் அந்த இடைவெளி 21 முதல் 28 வரைதான். சரி பாதி. அரைப் பெருவிரல் தள்ளினால் போதும், ஒன்றில் குளிரும், ஒன்றில் கொப்பளிக்கும். இதோடு நம் வீட்டுத் தண்ணீர் அமுக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே மேல் தாங்கியிலிருந்துதான் குளியலறைக்கும், மலசலகூடத்துக்கும், குசினிக்கும் பைப் இறங்குகிறது. ஒருவர் ஷவரின் கீழ் நிற்கும்போது இன்னொருவர் ஃபிளஷை அமத்தினால் பச்சைத்தண்ணீர் ஒரு கணம் குறையும், ஷவரில் சூடு குப்பென்று ஏறும். தலைக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர் எந்தப் பக்கம் திருப்புவார்?

இனி 50ஆ 60ஆ என்ற கேள்வி. இதை நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

1976ஆம் ஆண்டு ஆடி மாதம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்து ஹோட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு கூடினார்கள். கலைந்து போனபின் ஒருவர் பின் ஒருவராக நியூமோனியாவில் விழுந்தார்கள். அந்தப் படைவீரர்களில் 29 பேர் இறந்தார்கள். காரணமான பக்ரீரியாவை அடுத்த வருடத் தொடக்கத்தில்தான் அடையாளம் கண்டார்கள், அதற்கு லெஜியொனெல்லா என்று பெயரும் வைத்தார்கள். அங்கே பரவியது குளிரூட்டித் தொகுதி வழியாக என்று கருதப்படுகிறது, ஹீற்றர் வழியாக இல்லை. ஆனால் அந்தக் கிருமிக்குப் பிடித்த இடம் 20க்கும் 45க்கும் இடையில் தேங்கி நிற்கும் தண்ணீர். குடித்து வராது, ஆளிலிருந்து ஆளுக்கும் தொற்றாது. ஷவரிலிருந்து பறக்கும் நுண்துளியைச் சுவாசித்தால் நெஞ்சுக்குள் போகும். வயோதிபருக்கும், புகைப்பவருக்கும், நோயாளிகளுக்கும் ஆபத்து. 60 பாகையில் அது பிழைக்காது. அதனால்தான் சுடுதண்ணீரை 60க்குக் குறையாமல் சேமிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தோலைக் காப்பாற்ற 50க்குக் கீழே கொண்டு வா என்கிறது ஒரு விதி, நெஞ்சைக் காப்பாற்ற 60க்கு மேலே வை என்கிறது இன்னொன்று.

அவுஸ்திரேலியாக்காரர் இந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்தார்கள் என்று பாருங்கள். தாங்கியில் 60, குளியலறைக் குழாயில் 50க்கு மேல் வரக்கூடாது, சிறுவர் நிலையங்களிலும் முதியோர் இல்லங்களிலும் 45. நடுவில் ஒரு வெப்பக் கலப்பு வால்வு. இங்கிலாந்திலும் 2010இலிருந்து புது வீட்டுக் குளியல் தொட்டிக் குழாய்க்கு 48 பாகை எல்லை. மெல்பேணிலிருந்தோ ஹரோவிலிருந்தோ லீவுக்கு வரும் உங்கள் சொந்தக்காரர் அங்கே புது வீட்டில் இருப்பவர் என்றால் அப்படியான குழாயில்தான் குளிக்கிறார், அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். அந்த வால்வுக்குள் வெப்பத்துக்கு விரிந்து சுருங்கும் மெழுகு உறை ஒன்று இருக்கிறது. சூடு கூடினால் சுடுதண்ணீர் வரும் வாயைத் தானே ஒடுக்கும். நல்ல வால்வென்றால் பச்சைத்தண்ணீர் முற்றாக நின்றுபோனால் சுடுதண்ணீரையும் அடைத்துவிடும். பூட்டும்போது இரண்டு பக்கமும் திரும்பிப் போகாத வால்வு போட வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும், கிணற்றுத் தண்ணீர் உள்ள இடங்களில் சுண்ணாம்பு படிந்தால் கழுவ வேண்டும். இந்த வேலைக்குத் தனிக் கூலி கேளுங்கள். நான் வீட்டுக்காரர் பக்கம் நின்றும் சொல்கிறேன், கேளுங்கள்.

என் தீர்ப்பு இது. விடுதி என்றால் மறுபேச்சில்லை: தாங்கியில் 60, ஒவ்வொரு குளியலறைக்கும் கலப்பு வால்வு. வருபவர் யார், அவர் நெஞ்சு எப்படி, அவர் பிள்ளைக்கு எத்தனை வயது என்று உங்களுக்குத் தெரியாது. சாதாரண வீட்டில், குளிக்கப் போகும்போது சுவிச்சைப் போட்டுக் குளித்ததும் நிறுத்துகிற 15, 30 லீற்றர்ச் சின்ன ஹீற்றர் என்றால், வால்வு வாங்க வசதி இல்லாவிட்டால் 50இல் வையுங்கள். ஒவ்வொரு நாளும் பாவித்து வெறுமையாகும் தாங்கியில் தண்ணீர் நெடுநாள் தேங்குவதில்லை. சுகமில்லாத வயோதிபர் இருக்கும் வீட்டில், அல்லது கன நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் மட்டும், ஒருமுறை முழுச்சூட்டுக்கு ஏற்றி, குழாய்களை ஒவ்வொன்றாய்த் திறந்து ஓடவிட்டு, பிறகு குறையுங்கள். அதைச் செய்யும்போது பிள்ளைகளைக் குளியலறைப் பக்கம் அண்டவிடக் கூடாது. நுண்துளி பறக்காமல் ஷவர்த் தலையைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள்.

விடுதிக்காரருக்கு இதே விசயம் பெரிய அளவில் வருகிறது. நம் கரையில் சீசன் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. மழை தொடங்கினால் அறைகள் பூட்டிக் கிடக்கும், ஹீற்றருக்குள்ளும் பைப்புகளுக்குள்ளும் தண்ணீர் 28, 30 பாகையில் மாதக்கணக்காய் நிற்கும். கிருமிக்கு அதைவிட வசதி வேண்டுமா? திறக்கும் நாளில் மெத்தை விரிப்பையும் ஏசியையும் பார்க்கிற நீங்கள் இதையும் பாருங்கள். பூட்டிக் கிடக்கும் காலத்திலும் கிழமைக்கு ஒருமுறை ஒரு பெடியனை விட்டுக் குழாய்களைத் திறந்து ஓடவிடுவியுங்கள்.

சூரிய ஹீற்றர் பூட்டும் தம்பிமாருக்குத் தனியாய் ஒன்று. மின் ஹீற்றர் குறித்த சூடு வந்ததும் தானாய் நிற்கும். கூரையில் கண்ணாடிக் குழல்களோடு இருக்கும் உங்கள் சாமானுக்கு நிற்கத் தெரியாது. சூரியன் நிற்கும் மட்டும் ஏறும், 80, 90 பாகை அதற்குப் பெரிய விசயமில்லை. நம் விடுதிகளில் இது எந்த நேரத்தில் போய் முட்டுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? காலையில் புறாத்தீவுக்குப் படகேறிப் போனவர்கள் உப்பும் மணலுமாய்ப் பின்னேரம் அறைக்கு வந்து நேரே ஷவருக்குள் போகிறார்கள். தாங்கி உச்சச் சூட்டில் நிற்கும் நேரமும் அதுதான். தோலில் ஏற்கனவே வெயில் எரிவு. கலப்பு வால்வு இல்லாமல் சூரிய ஹீற்றர் பூட்டுவது என் கணக்கில் அரைவாசி வேலை. இன்னொன்று, சாதாரண வெள்ளை பீவீசீ பைப்பில் இந்தத் தண்ணீரை விடாதீர்கள். 60 பாகையிலேயே அது இளகும். சுடுதண்ணீருக்கென்று சீபீவீசீ, பீபீஆர் பைப் இருக்கிறது. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காசு மிச்சம் பிடிக்கச் சொல்லும் வீட்டுக்காரரிடம் இதை அழுத்திச் சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.

யாருக்கு ஆபத்து என்று கேட்டால் எல்லோரும் குழந்தைகளைத்தான் நினைப்பார்கள். நான் சலரோகம் உள்ளவர்களையும் அதேயளவு நினைக்கிறேன். கன வருடச் சலரோகத்தில் பாதத்து நரம்பு மரத்துப்போகும், சுடுகிறது என்ற செய்தி மூளைக்குப் போகவே போகாது. கால் உளைவுக்குச் சுடுதண்ணீரில் காலை வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. முன்பு அந்தத் தண்ணீரை மகளோ மருமகளோ கலந்து, கைவிட்டுப் பார்த்துக் கொண்டுவந்து வைப்பார்கள். இப்போது அம்மா தானே பேசினைக் குழாயடியில் வைத்துத் திறக்கிறார், காலை வைக்கிறார், ஒன்றும் தெரியவில்லை. இரவு படுக்கும்போதுதான் கொப்புளம் கண்ணில் படுகிறது. சலரோகக் காலில் வந்த கொப்புளம் எங்கே போய் முடியலாம் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இலை அவித்த தண்ணீர் வார்க்கிற வீடுகளிலும் இதே கவனம் வேண்டும். வார்க்கிற கை அனுபவப்பட்ட கைதான், ஆனால் அந்தக் கைத்தோல் அடுப்படியில் தடித்த கை. அதற்கு இளஞ்சூடாய்ப் படுவது பச்சை உடம்புக்கு அப்படியிருக்காது.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தாய்க்குக் கடன் செய்வதற்காகத் தோன்றிய ஊற்றுகள் என்பது ஐதீகம். அங்கே குளிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை முறை வந்த ஆளாக இருந்தாலும் வாளியில் அள்ளியதும் முதலில் கையை வைத்துப் பார்ப்பார், பிறகுதான் தலையில் ஊற்றுவார். கிணற்றடியில் இயல்பாய் வருகிற இந்தக் கவனம் டைல்ஸ் பதித்த குளியலறைக்குள் போனதும் எங்கே போகிறது? குழாய் என்றால் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பு குழாயைப் பூட்டியவர்.

பொறுப்பை உங்கள் தலையில் கட்டுகிறேன் என்று கோபிக்காதீர்கள். “கவனமாய் இருங்கோ” என்று தாய்மாருக்குச் சொல்லிப் பார்த்த நாடுகள் அது போதாது என்று கண்டுகொண்டன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1983இல் ஒரு சட்டம் போட்டது: புதிதாய்ப் பூட்டும் ஹீற்றரை 49 பாகையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் விரும்பினால் கூட்டலாம். கூட்டுவதற்கு ஒருவரும் தடையில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் வந்தபடியே விட்டுவிட்டார்கள், குழாய்த் தண்ணீரால் வெந்து ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகளின் தொகை குறைந்தது. மனிதர் குமிழைத் தொடுவதில்லை. ஃபுல்லில் விட்டுப் போனால் ஃபுல்லில் கிடக்கும், 50இல் விட்டுப் போனால் 50இல் கிடக்கும். இந்தச் சோம்பலை நமக்குச் சாதகமாய்ப் பாவிப்போம். இங்கே சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, ஒரு திருகாணிச் சாவியும் ஐந்து நிமிடமும் போதும்.

குமிழில் உள்ள இலக்கத்தை நம்பாதீர்கள். 3 என்றால் எத்தனை பாகை என்று கம்பனிக்குக் கம்பனி மாறும், சிலவற்றில் குமிழே வெளியே தெரியாது, கீழ் மூடியைக் கழற்றினால் திருகாணி வெட்டு ஒன்று இருக்கும். மூடியைக் கழற்றுமுன் மெயினை நிறுத்தவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், இதை வாசிக்கும் வீட்டுக்காரருக்காகச் சொல்கிறேன்: அந்த மூடியில் நீங்கள் கை வைக்கவே வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். சூடேறி லைற் அணைந்த பிறகு, ஒரு நிமிடம் குழாயை ஓடவிட்டு, கோப்பையில் பிடித்து வெப்பமானியை வைத்து, இலக்கம் நிற்கும்வரை பொறுத்து வாசியுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது, அது 42, 43இல் முடிந்துவிடும். சமையலுக்கு விற்கும் கம்பி வைத்த டிஜிற்றல் வெப்பமானி போதும். அளந்த பாகையையும் திகதியையும் ஹீற்றரின் வயிற்றில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை வரும் தம்பிக்கு அது உதவும். சூடு ஏறியதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்ராற் பழுதானால், குமிழ் எங்கே நின்றாலும் தண்ணீரைக் கொதிக்க விடும். எழுதி வைத்த இலக்கத்துக்கும் புது அளவுக்கும் வித்தியாசம் கண்டால்தான் அது பிடிபடும்.

அப்படிக் கொதித்தால் கடைசிக் காவல், தாங்கியின் அமுக்கத்தை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு. சூடேறும்போது அதில் சில துளி சொட்டுவது இயல்பு, தண்ணீர் விரிகிறது. சொட்டுது என்று அதன் வாயைக் கட்டை வைத்து அடைத்த ஹீற்றரை நான் இந்த ஊரில் என் கண்ணால் கண்டிருக்கிறேன். செய்தவர் தொழில் தெரியாத ஆளில்லை, வீட்டுக்காரியின் முறைப்பாட்டைத் தீர்த்து வைத்தார். தாங்கி வெடித்தால் முறைப்பாடு சொல்ல வீட்டுக்காரி இருக்க மாட்டார். சொட்டுவதை ஒரு சின்னக் குழாய் போட்டு வடிகாலுக்கு இறக்கிவிடுங்கள். ஏர்த், ட்ரிப் சுவிச் இரண்டையும் பற்றி இங்கே நீட்டவில்லை. அது இல்லாமல் பூட்டுபவர் இந்த மடலை வாசிக்கவும் மாட்டார்.

எரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதை விடுதிக்காரர் தம் வேலையாட்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஓடுகிற பச்சைத்தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஐஸ் கூடாது. பற்பசை, வெண்ணெய், முட்டை வெள்ளை ஒன்றும் பூசக்கூடாது, பிறகு டாக்குத்தர் அதைச் சுரண்டித்தான் காயத்தைப் பார்க்க வேண்டிவரும். வளையல், மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் வீங்க முன் கழற்றுங்கள். ஒட்டிப்போன துணியை இழுக்காதீர்கள். சுத்தமான துணியால் மெதுவாய் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். நம் தாங்கித் தண்ணீர் மத்தியானத்தில் தானே சுடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெயில் பட்ட பைப்பில் முதலில் வருவதை ஓடவிட்டுவிட்டு, அல்லது கிணற்றில் அள்ளி ஊற்றுங்கள்.

விடுதிக்காரரிடம் கேட்பது இவ்வளவும்தான்: அறை அறையாய் அளந்து பாருங்கள், மாறிக் கொழுவிய பைப்பைத் திருத்துவியுங்கள், தேய்ந்த பொட்டுக்குப் பதிலாய் ஒரு சிவப்பு ஸ்டிக்கராவது ஒட்டுங்கள். குளியலறைக் கதவில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு வரி: “முதலில் பச்சைத்தண்ணீரைத் திறக்கவும், பிறகு சுடுதண்ணீரைக் கலக்கவும்.” வாளிக்கும் அதே ஒழுங்குதான். மத்திய வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், கலப்பு வால்வு கேட்டு வருகிற தம்பியிடம் “கொழும்பில இருந்துதான் எடுக்க வேணும்” என்று சொல்லி அனுப்பாமல் நாலைந்து வால்வையாவது கடையில் வாங்கி வையுங்கள்.

தம்பிமாருக்கு என்னால் செய்யக்கூடியது ஒன்று. வெப்பமானி இல்லாதவர்கள், வாங்கியது சரியா பிழையா என்று பார்க்க விரும்புகிறவர்கள் பின்னேரங்களில் வீட்டுக்கு வாருங்கள். உருகும் ஐஸில் 0, கொதிக்கும் தண்ணீரில் 100, இரண்டையும் வைத்து உங்கள் கருவி எவ்வளவு கூட்டிக் குறைத்துக் காட்டுகிறது என்று சேர்ந்து பார்த்துவிடலாம். உங்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், வீடு தெரியும். சித்திரைக்கு முன்னர் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.